கோவைப் புறநகரில் யானை நடமாட்டமும் அக்கம்பக்கத் தகவலும்

கோயம்புத்தூர் மாநகரின் மேற்கிலும் வடமேற்கிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டி அமைந்துள்ள புறநகர்ப் பகுதிகளில் காட்டு யானைகள் இரவு நேரத்தில் வந்து செல்வது வழக்கமான நிகழ்வாகும். தடாகம், மருதமலை, தொண்டாமுத்தூர், மதுக்கரை, பெரியநாயக்கன்பாளையம் ஆகிய வட்டாரங்களில் யானை வந்த செய்தி, குடிநீர் வரும் நேரத்தைப் போலவும் மின்தடை அறிவிப்பைப் போலவும் குடியிருப்போர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் உள்ளூர்ச் செய்தியாக உள்ளது. ஆயினும் மற்ற உள்ளூர்ச் செய்திகளுக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இச்செய்தி உரிய நேரத்தில் உரியவருக்குச் சேராவிட்டால் உயிரிழப்பு நேரலாம்.

யானைகள் ஏன் புறநகருக்குள் வருகின்றன, அவை குறித்த தகவல் எவ்வாறு பரவுகிறது, கோவை மாவட்டத்திலேயே உள்ள வால்பாறையில் முன்னறிவிப்பு முறை எவ்வாறு உயிர்களைக் காத்தது, அடிவாரக் குடியிருப்புகளில் வசிப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை எவை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நில அமைப்பு

கோயம்புத்தூரின் மேற்கு எல்லையில் வெள்ளியங்கிரி, மருதமலை, ஆனைகட்டி, பாலமலை ஆகிய மலைப்பகுதிகள் தொடர்ச்சியாக அமைந்துள்ளன. தென்மேற்கில் மதுக்கரை, எட்டிமடை, வாளையாறு வழியாகப் பாலக்காட்டுக் கணவாய் செல்கிறது. இம்மலைக்காடுகள் கோயம்புத்தூர் வனக்கோட்டத்தில் அடங்குகின்றன. மதுக்கரை, போளுவாம்பட்டி, கோயம்புத்தூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை, மேட்டுப்பாளையம், சிறுமுகை ஆகியவை இக்கோட்டத்தின் வனச்சரகங்கள் ஆகும்.

மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் இக்காடு பல இடங்களில் அகலம் குறைந்தது. மேற்கே கேரளத்தின் அட்டப்பாடி, வடக்கே நீலகிரிச் சரிவு, வடகிழக்கே சத்தியமங்கலம் ஆகிய காடுகளுக்கிடையே வலசை செல்லும் யானைகள் இந்தக் குறுகிய பகுதியைக் கடந்தே ஆக வேண்டும். ஒருபுறம் செங்குத்தான மலையும் மறுபுறம் தோட்டங்களும் வீடுகளும் இருப்பதால், யானைகள் சமவெளியை ஒட்டி நடப்பது இயல்பாகிறது.

2011ஆம் ஆண்டு கோயம்புத்தூர் மாநகராட்சி விரிவாக்கப்பட்டபோது வடவள்ளி, வீரகேரளம், துடியலூர், கவுண்டம்பாளையம், குனியமுத்தூர், குறிச்சி உள்ளிட்ட பகுதிகள் மாநகராட்சியுடன் இணைந்தன. வார்டுகளின் எண்ணிக்கை 72இலிருந்து 100ஆக உயர்ந்தது. இதற்கு அப்பாலும் மனைப்பிரிவுகள், கல்வி நிறுவனங்கள், கேளிக்கை விடுதிகள், ஆன்மிக மையங்கள் ஆகியவை அடிவாரம் வரை பெருகின. பாரதியார் பல்கலைக்கழக வளாகம் மருதமலை அடிவாரத்திலேயே அமைந்துள்ளது. இதனால் யானையைப் பற்றி முன் அனுபவம் இல்லாத பலர் அதன் வழித்தடத்திற்கு அருகில் குடியேறியுள்ளனர்.

யானைகள் வருவதற்கான காரணங்கள்

வளர்ந்த யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவுக்குத் தீவனம் உண்ணும். 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கும். காட்டில் நாள் முழுவதும் மேய்ந்து பெறும் உணவை வாழைத் தோட்டத்திலோ மக்காச்சோளக் காட்டிலோ சில மணி நேரத்தில் பெற்றுவிட முடியும். மானாவாரிச் சோளம் விளைந்த நிலங்கள் ஆழ்துளைக் கிணறுகள் வந்தபின் வாழை, தென்னை, பாக்கு, கரும்புத் தோட்டங்களாக மாறியதும் இவ்வட்டாரத்தில் யானைகளின் வருகையைக் கூட்டியது.

பயிருக்கு வரும் யானைகளில் ஆண் யானைகளே மிகுதி. பருவமடையும் ஆண் யானை தான் பிறந்த கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகவோ மற்ற ஆண் யானைகளுடன் சேர்ந்தோ திரியும். உடல் வலிமை பெற அதற்குச் சத்து மிகுந்த உணவு தேவைப்படுகிறது. அந்தத் தேவைக்காக அது துணிந்து ஊருக்குள் வருகிறது. பெண் யானைகளும் குட்டிகளும் அடங்கிய கூட்டம், மூத்த பெண் யானையின் வழிகாட்டலில் கூடுதல் எச்சரிக்கையுடன் நகரும்.

பயிரைத் தவிர, வீட்டில் வைக்கப்படும் பொருள்களும் யானைகளை ஈர்க்கின்றன. நியாயவிலைக் கடை அரிசி, மாட்டுக்கு வைத்திருக்கும் தவிடு, புண்ணாக்கு, உப்பு, பழுத்த பலா, வாழைத்தார் ஆகியவற்றின் மணத்தை யானையின் துதிக்கை தொலைவிலிருந்தே உணரும். கதவையும் சன்னலையும் உடைத்து அரிசி மூட்டையை எடுத்துச் சென்ற நிகழ்வுகள் இப்பகுதிகளில் பலமுறை நடந்துள்ளன.

குப்பை மற்றொரு காரணம். உணவுக் கழிவும் உப்புச் சுவையும் ஒட்டிய பிளாஸ்டிக் பைகளை யானைகள் அப்படியே விழுங்கிவிடுகின்றன. மருதமலை அடிவாரப் பகுதியில் யானைச் சாணத்தில் பிளாஸ்டிக் உறைகள் காணப்பட்டுள்ளன. 2025 மே மாதம் அதே அடிவாரத்தில் நோயுற்றுக் கிடந்த பெண் யானை ஒன்று சிகிச்சை பலனின்றி இறந்தது. உடற்கூறாய்வில் அதன் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவுகளும் இறந்த கருவும் இருந்தது தெரியவந்தது.

தடாகம் பள்ளத்தாக்கு

சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், பன்னிமடை, சோமையம்பாளையம் ஆகிய ஊராட்சிகள் அடங்கிய தடாகம் பள்ளத்தாக்கு, கோவையில் யானை நடமாட்டம் மிகுந்த பகுதிகளுள் ஒன்று. இங்குச் செம்மண் எடுத்துச் செங்கல் அறுக்கும் சூளைகள் பெருமளவில் இயங்கின. மண் தோண்டியதால் யானைகளின் பாதையில் ஆழமான குழிகள் ஏற்பட்டன. சூளைக்கு விறகாகக் கொண்டுவரப்பட்ட பனை மரங்களின் உட்சோறு யானைகளை ஈர்த்ததாகவும் அப்பகுதி மக்கள் கூறினர். நீதிமன்ற வழக்குகளைத் தொடர்ந்து, அனுமதியின்றி இயங்கிய சூளைகள் 2021இல் மூடப்பட்டன. சூளைத் தொழிலையே நம்பியிருந்தவர்கள் வேலை இழந்தனர். எனவே இப்பள்ளத்தாக்கில் யானை பற்றிய பேச்சு பிழைப்பு பற்றிய பேச்சாகவும் இருந்துவருகிறது.

பெயர் சூட்டப்பட்ட யானைகள்

அடிவார மக்கள் அடிக்கடி வரும் யானைகளுக்குப் பெயரிட்டு அழைப்பது வழக்கம். விநாயகன், சின்னத்தம்பி, மேட்டுப்பாளையம் பகுதியின் பாகுபலி ஆகியவை அவ்வாறு பெயர் பெற்றவை. தந்தத்தின் வடிவம், காதின் கிழிசல், உடல் தழும்பு ஆகியவற்றைக் கொண்டு யானையை அடையாளம் காண்கின்றனர். பெயர் சொன்னாலே அந்த யானை விரட்டும் இயல்புடையதா, ஆளைக் கண்டால் ஒதுங்கிப் போவதா, எந்த வழியாக வந்து எந்த வழியாகத் திரும்பும் என்பது உள்ளூராருக்குப் புரிந்துவிடும். இவ்வகையில் பெயரும் ஒரு தகவலே ஆகும்.

பயிர்ச்சேதமும் அச்சமும் மிகும்போது யானையைப் பிடித்து வேறு இடத்தில் விட வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. இம்முறையின் வரம்புகளைப் பின்வரும் நிகழ்வுகள் காட்டின.

- மதுக்கரைப் பகுதியில் சுற்றிய 'மகராஜ்' எனப்பட்ட ஆண் யானை 2016 ஜூன் மாதம் பிடிக்கப்பட்டு, டாப்சிலிப் அருகே வரகளியாறு முகாமின் மரக்கூண்டில் அடைக்கப்பட்டது. சில நாள்களிலேயே அது இறந்தது.

- தடாகம் பகுதியில் வலம் வந்த விநாயகன் 2018 டிசம்பரில் பிடிக்கப்பட்டு முதுமலைக்குக் கொண்டு செல்லப்பட்டது.

- அதன் கூட்டாளியாகக் கருதப்பட்ட சின்னத்தம்பி 2019 ஜனவரி 25 அன்று பிடிக்கப்பட்டு ஆனைமலைக் காட்டில் விடப்பட்டது. சில நாள்களில் அது காட்டை விட்டு வெளியேறி, தோட்டங்கள் வழியாக உடுமலைப்பேட்டைப் பகுதிக்கு நடந்து வந்தது. கரும்புக் காட்டில் தங்கிய அது, ஆள்களைத் தாக்காமல் திரிந்ததைக் கண்டு பலர் அதற்கு ஆதரவாகக் குரல் கொடுத்தனர். 2019 பிப்ரவரி 15 அன்று கும்கி யானைகளின் உதவியுடன் மீண்டும் பிடிக்கப்பட்டு வரகளியாறு முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டது.

- தர்மபுரி மாவட்டத்தில் பிடிக்கப்பட்டு ஆனைமலையில் விடப்பட்ட மக்னா யானை (தந்தமில்லாத ஆண் யானை) ஒன்று 2023 பிப்ரவரியில் பொள்ளாச்சி வழியாகக் கோவைப் புறநகருக்கே நடந்து வந்தது. அது பேரூர் அருகே பிடிக்கப்பட்டது.

ஒரு யானையை அகற்றினாலும் வழித்தடமும் விளைச்சலும் அங்கேயே இருப்பதால், மற்றொரு யானை அவ்விடத்துக்கு வரும். ஆகவே யானை வரும் என்பதை ஏற்றுக்கொண்டு, அது எங்கே உள்ளது என்பதை முன்கூட்டியே அறியும் ஏற்பாடு தேவைப்படுகிறது.

வால்பாறை: முன்னறிவிப்பு முறையின் முன்னோடி

கோவை மாவட்டத்தின் தென்மேற்கில் ஆனைமலைத் தொடரில் அமைந்துள்ள வால்பாறை, சுமார் 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மேட்டுநிலம். தேயிலை, காப்பித் தோட்டங்களும் அவற்றுக்கிடையே சிறு சிறு மழைக்காட்டுத் துண்டுகளும் கொண்ட இந்நிலத்தைச் சுற்றி ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரளக் காடுகளும் உள்ளன. யானைகள் ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டுக்குச் செல்லத் தோட்டங்களைக் கடக்கின்றன. அதே பாதைகளில் தோட்டத் தொழிலாளர்களும் வேலைக்கும் கடைக்கும் நடந்து செல்கின்றனர்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த எம். ஆனந்த குமாரும் அவருடைய குழுவினரும் இங்கு நீண்டகாலம் ஆய்வு செய்தனர். யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர், அருகில் யானை நிற்பது தெரியாமல் அதன் எதிரே சென்றவர்கள் என்பது அவ்வாய்வில் தெரிந்தது. மாலையில் பேருந்திலிருந்து இறங்கி லயன் வீட்டுக்கு இருட்டில் நடந்து வந்தவர்கள் அவர்களுள் அடங்குவர். யானையின் குணத்தைவிடத் தகவல் இன்மையே இறப்புக்குப் பெரிய காரணமாக இருந்தது.

இதைத் தொடர்ந்து மூன்று எளிய வழிகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன.

முதலாவது, உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி. மாலை நேரத்தில் எந்த எஸ்டேட்டில் யானைக் கூட்டம் நிற்கிறது என்ற செய்தி, திரையின் கீழ்ப்பகுதியில் ஓடும் எழுத்தாக வெளியிடப்பட்டது.

இரண்டாவது, கைப்பேசிக் குறுஞ்செய்தி. யானை நிற்கும் இடத்தின் சுற்றுவட்டாரத்தில் வசிப்போருக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி அனுப்பப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாதோருக்குக் குரல்வழிச் செய்தி உதவியது.

மூன்றாவது, சிவப்பு எச்சரிக்கை விளக்கு. யானைகள் வழக்கமாகக் கடக்கும் இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் பொருத்தப்பட்டன. பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணிலிருந்து அழைத்தால் விளக்கு எரியும். மீண்டும் அழைத்தால் அணையும். சுமார் ஒரு கிலோமீட்டர் தொலைவிலிருந்தே பார்க்க முடிவதால், பேருந்திலிருந்து இறங்குபவர் விளக்கைக் கண்டதும் நின்றுவிடலாம். தொடக்கத்தில் ஆய்வுக் குழுவினர் இயக்கிய இவ்விளக்குகளைப் பின்னர் தோட்டத் தொழிலாளர்களும் ஊராருமே இயக்கத் தொடங்கினர்.

இம்முயற்சிகளின் பலனாக வால்பாறையில் ஆண்டுக்குச் சராசரியாக மூன்று என்றிருந்த மனித இறப்பு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்தது. இப்பணிக்காக ஆனந்த குமார் 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் விட்லி விருதைப் பெற்றார். யானைகளைப் பிடிக்காமலும் வேலி போடாமலும், இருக்கும் இடத்தைச் சொல்லியே இந்த இழப்பு குறைக்கப்பட்டது.

ரயில் பாதையில் எச்சரிக்கை

மதுக்கரை வனச்சரகத்தில் எட்டிமடைக்கும் வாளையாற்றுக்கும் இடையே ரயில் பாதை காட்டின் ஊடாகச் செல்கிறது. 2021 நவம்பர் 26 அன்று இரவு நவக்கரை அருகே விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. இதன் பின்னர் யானைகள் கடக்கத் தண்டவாளத்தின் அடியில் சுரங்கப்பாதைகள் அமைக்கப்பட்டன. 2024 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு முறையும் தொடங்கப்பட்டது. 12 கோபுரங்களில் பொருத்தப்பட்ட சாதாரணக் கேமராக்களும் வெப்ப உணர்வுக் கேமராக்களும் இரவிலும் பகலிலும் தண்டவாளத்தின் இருபுறமும் பார்க்கின்றன. யானை நெருங்கினால் கட்டுப்பாட்டு அறைக்கும், அதன்வழி ரயில்வே ஊழியருக்கும் எச்சரிக்கை செல்கிறது. ரயிலின் வேகம் குறைக்கப்படுகிறது. வனப்பணியாளர்கள் யானையைத் தண்டவாளத்திலிருந்து அகற்றுகின்றனர்.

வால்பாறையின் சிவப்பு விளக்கும் மதுக்கரையின் கேமராவும் தொழில்நுட்பத்தில் வேறுபட்டாலும், யானை இருக்கும் இடத்தை அதன் எதிரே வரக்கூடியவருக்கு முன்கூட்டியே சொல்வது என்னும் ஒரே அடிப்படையில் இயங்குபவை.

புறநகரில் தகவல் பரவும் முறை

கோவைப் புறநகரில் யானைச் செய்தி பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே பரவுகிறது. குடியிருப்போர் நலச் சங்கம், விவசாயிகள், ஊராட்சி உறுப்பினர்கள், வனப்பணியாளர்கள் எனப் பலர் இக்குழுக்களில் உள்ளனர். வனத்துறையின் ரோந்துக் குழுவினரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும் இரவு முழுவதும் யானைகளைப் பின்தொடர்ந்து காட்டுக்குள் திருப்புகின்றனர். இருப்பினும் நரசீபுரம், கெம்பனூர், தாளியூர், கரடிமடை, கோவனூர் எனப் பரந்து கிடக்கும் ஊர்களில் ஒரே இரவில் பல இடங்களில் யானைகள் வெளிவரும்போது, முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் தோட்டத்துச் சாளையில் படுத்திருக்கும் விவசாயியோ அதிகாலையில் பால் கறக்க எழுபவரோ ஆவார்.

வால்பாறையில் எஸ்டேட் நிர்வாகம், லயன் வீடுகள், குறிப்பிட்ட வேலை நேரம் என ஓர் ஒழுங்கு உண்டு. புறநகரில் அவ்வாறில்லை. பக்கத்து மனையில் குடியிருப்பவரின் பெயரே தெரியாத நிலை பல இடங்களில் உள்ளது. பனியன் நிறுவனம், மில், கட்டுமானம், கோழிப்பண்ணை ஆகியவற்றில் பணியாற்றும் வடமாநிலத் தொழிலாளர்களுக்குத் தமிழ்ச் செய்தி புரிவதில்லை. தனியாக வசிக்கும் முதியோர் பலர் வாட்ஸ்அப் பயன்படுத்துவதில்லை. ஆகவே செய்தி குழுவில் பதிவானது என்பதாலேயே எல்லோருக்கும் சேர்ந்துவிட்டது எனக் கருத முடியாது.

நல்ல எச்சரிக்கைச் செய்தியின் கூறுகள்

பயனுள்ள செய்தியில் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும்: இடம், பார்த்த நேரம், எண்ணிக்கை, செல்லும் திசை, நேரில் பார்த்தவர் யார் என்பது. எடுத்துக்காட்டாக, "யானை வந்துருக்கு, உசாரா இருங்க" என்னும் செய்தி அச்சத்தை மட்டும் தரும். "இரவு 9.40 மணி. மாரியம்மன் கோயில் பின்புறத் தென்னந்தோப்பில் ஒற்றை ஆண் யானை. பள்ளத்தின் வழியாகக் கிழக்கே வருகிறது. நானே பார்த்தேன். வனத்துறைக்குச் சொல்லியாயிற்று" என்னும் செய்தியைக் கொண்டு, வேலை முடிந்து திரும்புபவர் எந்தச் சாலையைத் தவிர்க்க வேண்டும் என முடிவு செய்யலாம்.

யானை காட்டுக்குள் திரும்பியதும் அதையும் தெரிவிக்க வேண்டும். திரும்பிய செய்தி வராத இடங்களில் மக்கள் சில நாள்களில் எச்சரிக்கையையே பொருட்படுத்தாமல் விட்டுவிடுகின்றனர். வேறு மாநிலத்தில் எடுக்கப்பட்ட பழைய காணொளியை "நம்ம ஊரில் இப்போது" என்று பகிர்வதும் இதே கேட்டைத் தரும். பொய்ச் செய்தி பலமுறை வந்தால் மெய்ச் செய்தி வரும்போது யாரும் கதவை அடைக்க மாட்டார்கள்.

செய்தியைப் பரப்புவதற்கும் ஓர் எல்லை உண்டு. யானை நிற்கும் இடத்தைச் சமூக ஊடகங்களில் பொதுவாக வெளியிட்டால், வேடிக்கை பார்க்கவும் படம் எடுக்கவும் வெளியூரிலிருந்து கூட்டம் சேரும். கூச்சலும் வாகன விளக்குகளும் யானையைத் திகைக்கச் செய்து, காட்டுக்குத் திரும்ப வேண்டிய யானையைக் குடியிருப்புக்குள் தள்ளிவிடும். எனவே அச்செய்தி அவ்வழியே நடமாடுவோருக்கும் வனத்துறைக்கும் சேர்ந்தால் போதுமானது.

குடியிருப்போர் கடைப்பிடிக்க வேண்டியவை

வீட்டிலும் வளாகத்திலும்

- அரிசி, தவிடு, புண்ணாக்கு, உப்பு ஆகியவற்றைச் சன்னலோரத்திலும் வெளித் திண்ணையிலும் வைக்காமல், மூடிய கலன்களில் உள்ளறையில் வைப்பது நல்லது.
- பலாவும் வாழைத்தாரும் மரத்திலேயே பழுக்கும் வரை விடாமல் முன்கூட்டியே அறுத்துவிட வேண்டும்.
- உணவுக் கழிவைக் காலி மனையில் கொட்டக் கூடாது. குப்பையை இரவில் தெருவில் வைக்காமல், தூய்மைப் பணியாளர் வரும் நேரத்தில் கொடுக்க வேண்டும்.
- வாசலிலும் கொல்லைப்புறத்திலும் விளக்கு எரிவது அவசியம். கதவைத் திறக்கும் முன் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வெளியே வரும் பழக்கம் பல உயிர்களைக் காக்கும்.
- நாய் தொடர்ந்து குரைத்தால் என்னவென்று பார்க்க இருட்டில் வெளியே செல்லக் கூடாது. நாய் யானையைச் சீண்டிவிட்டு எசமானரிடம் ஓடி வரும். யானையும் பின்னால் வரும்.

வெளியே செல்லும்போது

- மாலை மங்கும் நேரம் முதல் விடியும் வரை காட்டை ஒட்டிய பாதையில் தனியாக நடப்பதையும் நடைப்பயிற்சி செல்வதையும் தவிர்க்க வேண்டும். காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நடப்பவருக்குக் கிளை ஒடியும் ஓசை கேட்காது.
- கழிப்பறை இல்லாத வீடுகளில் விடியுமுன் புதர்ப் பக்கம் செல்வோரே மிகுந்த ஆபத்துக்கு உள்ளாகின்றனர். கழிப்பறை கட்ட உதவுவதும் யானைப் பாதுகாப்பு நடவடிக்கையே ஆகும்.
- இருசக்கர வாகனத்தில் செல்வோர் வளைவுகளில் வேகத்தைக் குறைக்க வேண்டும். யானையைக் கண்டால் போதிய தொலைவிலேயே நிறுத்தித் திரும்பிவிட வேண்டும். ஒலிப்பானை அழுத்துவதும் கடந்துவிட முயல்வதும் கூடாது.
- யானையை நேருக்கு நேர் கண்டால் ஓசையின்றிப் பின்வாங்கி, கட்டடத்துக்குள்ளோ பெரிய தடுப்புக்குப் பின்னாலோ செல்ல வேண்டும். யானை மனிதரைவிட வேகமாக ஓடக்கூடியது. குட்டியுடன் இருக்கும் தாயும், கன்னத்தில் மதநீர் வடியும் ஆண் யானையும் கூடுதல் ஆபத்தானவை.

தோட்டத்தில்

- பட்டாசு வெடித்தும் கல்லெறிந்தும் தாமாக விரட்டாமல் வனத்துறையினரை அழைக்க வேண்டும். விரட்டப்பட்ட யானை அடுத்த தோட்டத்துக்கோ தெருவுக்கோ செல்லும். அங்கிருப்பவருக்கு அது தெரிந்திருக்காது.
- மின்கம்பியிலிருந்து நேரடியாக வேலிக்கு மின்சாரம் கொடுப்பது சட்டப்படி குற்றம். அதில் யானைகள் மட்டுமன்றி விவசாயிகளும் இறந்துள்ளனர். விட்டுவிட்டுச் சிறு அதிர்வு தரும் சூரிய மின்வேலியை உரிய அனுமதியும் பதிவும் பெற்று அமைக்க வேண்டும்.
- காட்டுப்பன்றிக்கு வைக்கப்படும் அவுட்டுக்காய் எனும் நாட்டு வெடியைக் கடித்து வாய் சிதைந்து, உண்ண முடியாமல் யானைகள் இறந்துள்ளன. இது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ்த் தண்டனைக்குரியது.
- பயிர்ச்சேதம் நேர்ந்தால் அப்புறப்படுத்தும் முன் படம் எடுத்து, வனச்சரக அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவித்து இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

சேர்ந்து செய்யக்கூடியவை

ஒவ்வொரு தெருவிலும் வாட்ஸ்அப் இல்லாத வீடுகள் எவை எனக் குறித்துவைத்து, அவ்வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் பொறுப்பை அண்டை வீட்டார் இருவர் ஏற்கலாம். தொழிலாளர் தங்கியுள்ள இடங்களில் இந்தி தெரிந்த ஒருவர் குரல்பதிவாகச் செய்தி அனுப்பலாம். பால்காரர், நாளிதழ் போடுபவர், தூய்மைப் பணியாளர், இரவுப் பணி முடிந்து திரும்பும் மில் தொழிலாளி ஆகியோர் விடியுமுன் நடமாடுபவர்கள். இவர்கள் குழுவில் முதலில் சேர்க்கப்பட வேண்டியவர்கள். யானையை முதலில் பார்க்கக்கூடியவர்களும் இவர்களே.

தெருவிளக்கு, குப்பை அகற்றல், புதர் நீக்கம், கழிப்பறை ஆகியவை உள்ளாட்சியின் பணிகள். ஊராட்சிப் பகுதியில் வசிப்போர் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபையில் இவற்றைத் தீர்மானமாக வைக்கலாம். மாநகராட்சிப் பகுதியில் வார்டு உறுப்பினரிடமும், 2022 முதல் நடைபெற்றுவரும் பகுதி சபைக் கூட்டங்களிலும் முறையிடலாம். அடிவாரத்தில் மனை வாங்குவோர், அந்நிலம் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாட்டில் வரும் ஊரில் உள்ளதா, யானை வழித்தடத்தை ஒட்டியதா என்பதை அக்கம்பக்கத்தாரிடமும் வனச்சரக அலுவலகத்திலும் விசாரித்த பின் முடிவு செய்வது நல்லது. நில விற்பனை விளம்பரத்தில் மலைக்காட்சி இடம்பெறும். யானைப் பாதை இடம்பெறாது.

முக்கியத்துவம்

அகழி, மின்வேலி, கேமரா, கும்கி ஆகிய அனைத்துக்கும் செலவும் காலமும் தேவை. அவை பராமரிப்பின்றிப் பழுதாவதும் உண்டு. அண்டை வீட்டாரின் தொலைபேசி அழைப்புக்குச் செலவில்லை. ஆனால் அதற்கு அண்டை வீட்டார் யார் எனத் தெரிந்திருக்க வேண்டும். வால்பாறை மக்கள் தாமே விளக்கை எரியவைக்கக் கற்றுக்கொண்டதுபோல, கோவையின் அடிவாரக் குடியிருப்புகளும் பார்த்ததைச் சரியாகவும் விரைவாகவும் சொல்லப் பழகும்போது, யானை காட்டுக்குத் திரும்பவும் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவும் வழி கிடைக்கிறது.